சத்தம் கேட்டால் போதாது, இடம் தெரியவேண்டும்

மெட்டல் டிடெக்டர் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு ஆழம் வரைக்கும் காட்டும்?" என்பதுதான். விற்பவர்கள் அதைத்தான் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். வாங்குகிறவர்களும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பழைய நாணயம் தேடுகிறவருக்கு அந்தக் கேள்வி போதும். தப்பான இடத்தில் தோண்டினால் அவருக்கு நட்டம் அரைமணி நேரம். மிதிவெடி அகற்றுகிறவருக்கு அது போதாது. மண்ணுக்குள் ஏதோ உலோகம் இருக்கிறது என்று கருவி கத்திய பிறகு, அது சரியாக எந்த இடத்தில் இருக்கிறது, அதன் விளிம்பு எங்கே தொடங்குகிறது, பக்கத்தில் இன்னொன்று மறைந்திருக்கிறதா என்ற மூன்றுக்கும் அவருக்கு விடை தெரிந்தாகவேண்டும். நாலு விரற்கடை பிசகினால் கை போகும், கண் போகும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் இலங்கையின் வடக்கில் பெரிய அளவில் தொடங்கிய மிதிவெடி அகற்றும் பணி இப்போது சர்வதேச உடன்படிக்கை விதித்த கெடுவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கெடு நெருங்கும்போது கணக்குக் கேட்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை சதுர மீட்டர் என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு சத்தத்தின் இடமும் எவ்வளவு துல்லியமாகக் குறிக்கப்படுகிறது என்பதே இந்தப் பணிக்கு உண்மையான அளவுகோல். கருவி வாங்குவதும் பணம் ஒதுக்குவதும் அதன்படி நடக்கவேண்டும் என்பது என் வாதம்.

கருவியின் தலைப்பகுதியில் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். காயில் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் பாயும்போது கீழே மண்ணுக்குள் காந்தப்புலம் பரவுகிறது. வழியில் உலோகம் அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தன் பங்குக்குச் சிறியதொரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதைச் சுருள் வாங்கிக் காதுக்குச் சத்தமாகத் தருகிறது. போகிற வழியிலும் பலம் குறைகிறது, திரும்புகிற வழியிலும் குறைகிறது. பொருள் சிறியதாக இருந்து, சுருளின் அகலத்தைவிடத் தள்ளியும் இருந்தால், தூரம் இரண்டு மடங்கானாலே சமிக்ஞை ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காக இளைத்துவிடும். ஆழம் வேண்டுமென்றால் சுருளைப் பெரிதாக்குவது தவிர எளிய வழி இல்லை. ஆனால் பெரிய சுருள் அகலமாகப் பார்ப்பதால் மங்கலாகப் பார்க்கிறது. ஒரு மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்ட சட்டச் சுருள்கள் இருக்கின்றன. ஆழத்தில் புதைந்த விமானக் குண்டுகளைத் தேட அவை மிகவும் உகந்தவை. அதே சட்டத்தை மிதிவெடி வயலில் கொண்டுபோனால், குண்டூசி அளவு உலோகம் மட்டுமே உள்ள மிதிவெடி அதன் காதில் விழவே விழாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சுருள் என்று ஒன்று கிடையாது.

சுருளின் அளவைப் போலவே வடிவமும் பேசும். ஒரே மையத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டச் சுருள் மண்ணுக்குள் கூம்பு மாதிரி பார்க்கிறது. மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். பொருள் எங்கே என்று நடுமையத்தை வைத்துச் சொல்ல அது வசதி. ஆனால் செம்மண்ணில் அது தடுமாறும், ஏனென்றால் செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகளில் சில வகை, கருவியிடம் உலோகம் போலவே பேசும். ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இரண்டு சுருள்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வைத்தால், மண்ணின் பேச்சு பெரிதும் அடங்கிவிடும். அந்தச் சுருள் பார்ப்பது கத்தியின் அலகு மாதிரி ஒரு நீண்ட ஒடுங்கிய பட்டை. பக்கவாட்டில் இடம் துல்லியமாகத் தெரியும், முன்பின் தெரியாது. ஒருமுறை வீசிப் பார்த்துவிட்டு, திசையை மாற்றிக் குறுக்காக இன்னொருமுறை வீசி, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிடிக்கவேண்டும். மிதிவெடிக்கென்றே செய்யப்பட்ட சில கருவிகளில் வாங்கும் சுருள் இரண்டு அரைவட்டங்களாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். பொருள் இடப்பக்கம் இருந்தால் ஒரு சத்தம், வலப்பக்கம் இருந்தால் வேறு சத்தம், நேர் நடுக்கோட்டில் வந்ததும் மௌனம். அந்த மௌனத்தைக் காதால் பிடிக்கப் பழகியவருக்கு ஒரு விரல் அகலத்துக்குள் இடம் சிக்கிவிடும். பழகாதவருக்கோ அந்த மௌனமே ஆபத்து: ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

வேலை நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தால் இந்த நுட்பம் எதற்கு என்பது புரியும். இரு பக்கமும் எல்லை குறித்த குறுகிய பாதையில் பணியாளர் மண்டியிட்டிருக்கிறார். முகத்தை மூடிய தடித்த கண்ணாடி மறைப்பு, உடலுக்குக் கவசம். புல்லை வெட்டி ஒதுக்கிவிட்டுக் கருவியின் தலையை மண்ணை ஒட்டினாற்போல் இடமிருந்து வலமாக நகர்த்துகிறார். சத்தம் தொடங்கும் இடம் ஒன்று, அடங்கும் இடம் ஒன்று. வலமிருந்து இடமாகவும் அதையே பார்க்கிறார். அடுத்து முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாக. நான்கு விளிம்பும் கிடைத்துவிட்டன. இப்போது தலையை ஒரு விரற்கடை உயர்த்துகிறார். சத்தத்தின் வட்டம் சுருங்குகிறது. இன்னும் சற்று உயர்த்த, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் முனகுகிறது. அங்கே ஒரு சிறு வில்லையை அடையாளமாக வைக்கிறார். ஆனால் அங்கே தோண்டமாட்டார். வில்லையிலிருந்து தன் பக்கமாக ஒரு சாண் தள்ளித் தோண்டத் தொடங்கி, மண்ணைச் சரிவாகச் சுரண்டிக்கொண்டே பொருளின் விலாவை நோக்கிப் போவார். மிதிவெடி மேலிருந்து வரும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் மெல்லத் தொட்டால் பெரும்பாலும் வெடிக்காது. இந்த முறை முழுவதும் அந்த ஒரு வில்லையை நம்பி நிற்கிறது. வில்லை ஒரு சாண் பிசகி வைக்கப்பட்டிருந்தால், பாதுகாப்பான தூரம் என்று எண்ணிக் கருவியால் குத்தும் இடமே வெடியின் உச்சியாக இருக்கும்.

பிசகு எப்படி வருகிறது? ஒரு சாண் இடைவெளிக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரைச் சாண் அகலமுள்ள தலை இரண்டையும் சேர்த்து ஒரே சத்தமாகத்தான் கேட்கும். அந்தச் சத்தத்தின் நடுப்புள்ளி எங்கே விழும் தெரியுமா? இரண்டுக்கும் இடையில், ஒன்றுமே இல்லாத வெறும் மண்ணில். பெரிய துண்டு ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் என்றால் நிலைமை இன்னும் மோசம்: துப்பாக்கி ரவையின் பித்தளைக் கூடு கத்துகிற கத்தலில், பக்கத்தில் இருக்கும் மிதிவெடியின் சன்னமான குரல் அமுங்கிப்போகும். கூட்டை எடுத்துவிட்டு, "அதுதான் சத்தம் போட்டது" என்று நகர்ந்துவிட்டால் தீர்ந்தது. எடுத்த குழியை மறுபடியும், முடிந்தால் சிறிய தலையால், கேட்டுப் பார்த்தே ஆகவேண்டும். சிறிய சுருளுக்கு இதில்தான் மதிப்பு. ஆழத்தை அது இழக்கிறது. ஆனால் நெருங்கிக் கிடக்கும் இரண்டைப் பிரித்துச் சொல்கிறது. படுத்துக் கிடக்கும் ஓர் இரும்பு ஆணியே கூட, வீசும் திசையைப் பொறுத்து இரண்டு இடங்களில் சத்தம் தந்து ஏமாற்றும். திசையை மாற்றிக் கேட்டால்தான் அது ஒரே ஆணி என்று தெரியவரும்.

இலங்கையின் வடக்கே முகமாலையில் இந்த வில்லங்கங்கள் அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளின் கைக்குப் போன பிறகு, 2009 தொடக்கம் வரை இரு படைகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்ற முன்னரங்கு அது. ஏ-9 வீதியின் இருபுறமும் கிளாலிப் பக்கமும் நாகர்கோவில் பக்கமுமாக நீண்ட அந்தக் கோட்டின் மண்ணில் எறிகணைச் சிதறல்களும் ரவைக் கூடுகளும் முள்கம்பியும் விதைத்ததுபோல் கிடந்தன. அவற்றுக்கு நடுவே உள்ளங்கையில் அடங்கிவிடும் பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 பிளாஸ்டிக் மிதிவெடிகள். அவற்றில் கருவிக்குக் கேட்கக்கூடிய உலோகம் மிகச் சொற்பம். புலிகள் தயாரித்த ஜொனி வகையோ மரப்பெட்டிக்குள் அடைத்தது. மரப்பெட்டி உத்தி உலகுக்குப் புதிதல்ல. போலந்துப் படை அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி பிரிட்டனில் இருந்தபடி உருவாக்கிய கையடக்கக் கருவி 1942-இல் எல் அலமெய்ன் போரில் பயன்பட்ட அதே காலத்தில், ஜெர்மானியர்கள் மரப்பெட்டி மிதிவெடியைக் களத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கருவி கூர்மையாக ஆக, வெடியில் உலோகம் குறைந்துகொண்டே வந்தது. விளைவு, இன்றைய டிடெக்டர் குண்டூசிக்கும் காது கொடுத்தாகவேண்டும். குண்டூசிக்குக் காது கொடுக்கும் கருவி மண்ணில் கிடக்கும் ஒவ்வொரு துருவுக்கும் கத்தும். ஒரு மிதிவெடிக்கு நூற்றுக்கணக்கான பொய்ச் சத்தங்கள் என்பது உலகெங்கும் இந்தத் தொழிலின் அன்றாடம்.

கண்டறிவதும் இடம் குறிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு மிகப் பழைய சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் காந்தச் சுருள்களால் ஆன ஒரு கருவியைக் கொண்டுவந்தார். உள்நாட்டுப் போரில் குண்டு பாய்ந்து அது உடலிலேயே தங்கிவிட்ட பழைய படைவீரர்களிடம் அதைச் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது. அதிபரிடம் தோற்றது. படுக்கைக்குள் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்தன. சத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவிக் கிடந்தது. அதிபருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்ற உறுதியில், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் கிடைத்தது. கருவியிடம் குறை பெரிதாக இல்லை. சுற்றியிருந்த இரும்பை விலக்காததும், நாலாபக்கமும் கேட்க இடம் தராத அவசரமும்தான் காரணம். இன்றைக்கு எந்த மிதிவெடி வயலிலும் பிசகு வருவது இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான்.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. அவை லேசானவை அல்ல. முதலாவது, வடக்கில் வேலை செய்தவர்களே சொல்வது: இவ்வளவு இரும்பு கிடக்கும் மண்ணில் டிடெக்டரை ஒதுக்கிவிட்டு வாரியால் வாரிவிடலாமே? உண்மைதான். இலங்கையில் கைவாரி முறை பரவலாகப் பயன்பட்டிருக்கிறது. மண்ணின் முகப்பை ஒருபக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, குறித்த ஆழம் வரை மண் முழுவதையும் அலசி எடுக்கும்போது, உலோகம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. பி-4 போன்றவற்றுக்கு அது நல்ல முறை. அதைக் கைவிடச் சொல்வது பைத்தியக்காரத்தனம். ஆனால் அது மணலிலும் பொலபொலப்பான மண்ணிலும்தான் செல்லும். இறுகிய தரையிலும், பனை வேரும் பற்றைக் காடும் பின்னிக் கிடக்கும் இடத்திலும் வாரி ஓடாது. அங்கே திரும்பவும் சுருளைத்தான் நம்பவேண்டும். தவிர, வாரி என்பது துல்லியத்துக்கு எதிரான வாதமே இல்லை. மண்ணின் ஒவ்வொரு பிடியையும் கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய துல்லியம் ஏது?

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பத்தின் பெயரால் வருகிறது. டிடெக்டரோடு நிலத்தை ஊடுருவும் ரேடாரையும் ஒரே தலையில் சேர்த்த இரட்டை உணர்வுக் கருவிகள் வந்துவிட்டன. கம்போடியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் அவை பொய்ச் சத்தங்களைக் குறைத்துக் காட்டின. அபோபோ நிறுவனம் பழக்கிய ஆப்பிரிக்கப் பெரிய எலிகள் வெடிமருந்தின் வாசனையையே பிடிப்பதால் துருப்பிடித்த ஆணியைச் சட்டை செய்வதில்லை. கம்போடியாவில் மகாவா என்ற எலி தன் பணிக்காலம் முழுவதிலும் நூற்றுக்கும் மேற்பட்ட வெடிகளைக் காட்டிக்கொடுத்தது; 2020-இல் தங்கப் பதக்கமும் பெற்றது. இவை எல்லாம் வரவேற்கத்தக்கவை. இருந்தும், எலி தரையைச் சுரண்டிக் காட்டிய பிறகு அங்கே வருவது டிடெக்டர் ஏந்திய ஒரு மனிதர்தான். வாசனை மண்ணில் பரவும்; எலி காட்டுவது ஓர் இடத்தை, புள்ளியை அல்ல. ரேடார் 'இது ஆணி இல்லை' என்று சொல்லும். அதன் விளிம்பை விரலளவில் குறிக்கும் வேலை அப்போதும் கையில்தான் மிச்சம் இருக்கும். புதிய கருவி பொய்ச் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, மிஞ்சும் ஒவ்வொரு சத்தமும் மெய்யாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் இடம் குறிப்பதன் முக்கியமும் கூடத்தானே செய்யும்?

மூன்றாவது மறுப்புதான் மனதை உறுத்துவது. மக்கள் காத்திருக்கிறார்கள். போர் முடிந்தது 2009-இல். சொந்தக் காணியின் வேலிக்கு வெளியே மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. காணிக்குள் போகமுடியாதவர் பிழைப்புக்காகக் காட்டுக்குள் விறகுக்கும் பழைய இரும்புக்கும் போகிறார். அங்கேயும் வெடி இருக்கிறது. தாமதத்தாலும் கால்கள் போகின்றன என்றால், ஒவ்வொரு சத்தத்துக்கும் நான்கு திசையில் கேள் என்பது வசதியாக இருப்பவர் பேசும் பேச்சு ஆகிவிடாதா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போகமுடியாது. ஆனால் காலம் எங்கே வீணாகிறது என்று பார்க்கவேண்டும். பணியாளரின் நாள் பெரும்பாலும் கழிவது கேட்பதில் அல்ல, தோண்டுவதில். இடம் சரியாகத் தெரியாததால் அகலமாகத் தோண்டுகிறார். ஒன்று கிடைத்த பிறகும் சத்தம் அடங்காததால் மறுபடியும் தோண்டுகிறார். சத்தத்தின் இடம் சரியாகச் சிக்கினால் குழி சிறிதாகும், நேரமும் மிச்சமாகும். அவசரமாகக் குறித்து, அவசரமாகத் தோண்டி, சதுர மீட்டரைக் கூட்டிக் காட்டிய நிலத்தில் பிறகு ஒரே ஒரு வெடி அகப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்கவேண்டும். அந்த ஊர் முழுவதும் மறுபடி சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒப்படைத்த காணியில் உழவு இயந்திரத்தை இறக்க யாருக்கும் துணிவு வராது. நம்பி நடக்கமுடியாத நிலம் மீட்கப்பட்ட நிலம் ஆகாது.

இதற்கு வேண்டியது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கருவி வாங்கும்போது விற்பனைத் தாளில் உள்ள ஆழத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது. அந்த ஆழம் பெரும்பாலும் காற்றில் அளந்தது. வயலின் மண்ணில், அந்த வயலில் கிடைக்கும் அதே வகை வெடியின் செயலிழக்கச் செய்த மாதிரியைப் புதைத்து அளக்கவேண்டும். மெட்டல் டிடெக்டர்களைச் சோதிப்பதற்காக ஐரோப்பியத் தரநிர்ணயக் குழுவின் வழியே 2003-இல் வந்த ஆவணம், உணர்திறனோடு நிற்காமல், இடம் குறிக்கும் துல்லியத்தையும் அருகருகே உள்ள பொருட்களைப் பிரித்தறியும் திறனையும் சோதிக்கச் சொல்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அளவுகோல் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற பழக்கம்தான் வேரூன்றவேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் தேடுவதற்கு ஒரு தலையும், குழியைக் கேட்டுப் பார்க்கச் சிறிய தலை ஒன்றும் இருக்கட்டும். பயிற்சியில் கண்டுபிடித்தாரா என்று மட்டும் பார்க்காமல், வில்லை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது என்று அளந்து எழுதட்டும். அந்த அளவு மோசமாகும் பணியாளருக்கு ஓய்வும் மறுபயிற்சியும் கிடைக்கட்டும், தண்டனை வேண்டாம். வடக்கில் இந்த வேலையில் இருப்பவர்களில் போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர். கொளுத்தும் வெயிலில் கவசத்துக்குள் மண்டியிட்டபடி, ஒரு மெல்லிய சத்தம் எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும் அவர்களிடம் போய், இன்றைக்கு எத்தனை மீட்டர் என்று கேட்பது அறமாகாது.

பணம் தருகிறவர்களும் இதைப் புரிந்துகொள்ளவேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் மிதிவெடி அகற்றும் பணிகள் நின்றன. பணம் விட்டு விட்டு வரும் சூழலில் முதலில் வெட்டப்படுவது பயிற்சியும் மறுபரிசோதனையும்தான். அறிக்கையில் அவை சதுர மீட்டராகத் தெரிவதில்லை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி நாட்டின் நிலம் முழுவதையும் துப்புரவாக்கவேண்டிய கெடு 2028 ஜூன் 1. நிறைவேற்ற முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால், காரணம் காட்டிக் கூடுதல் காலம் கேட்க அதே உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. வேறு பல நாடுகள் கேட்டுப் பெற்றிருக்கின்றன. தேவைப்பட்டால் கொழும்பு அதைத் தயங்காமல் கேட்கட்டும், உதவும் நாடுகள் முகம் சுளிக்காமல் அதற்கும் பணம் தரட்டும்.